வீரனாருக்கு வாய்த்த முகம்

என் வீட்டுக்காரர் பூவரசனுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அப்புறம் கையிலிருக்கும் பிரஷ்ஷை எங்கேயோ வைத்துவிட்டு அதையே தேடுவார். கிடைக்காது. கடைசியில் என்னைத் திட்டுவார். அன்று காலையில் திட்டு வரவில்லை, மூக்கு மட்டும் சிவந்துகொண்டே போனது. அதனால்தான் பயந்தேன்.

அரியலூர் புறவழிச்சாலை ஓரத்தில் எங்கள் பட்டறை. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகளுக்குப் பெயின்ட் அடித்து, பூப்போட்டு, சாமி படம் வரைவது எங்கள் பிழைப்பு. பின்னணி, பார்டர், தாமரைப்பூ எல்லாம் நான். முகம் மட்டும் அவர். அதில் என்னைக் கை வைக்க விடமாட்டார், நானும் ஆசைப்பட்டதில்லை.

அன்று டிரைவர் அறிவரசன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சுருட்டிய காகிதம் ஒன்றை நீட்டினான்.

"அண்ணே, இத முன்னால நேரா ஒட்டிக் குடுங்க. ஆன்லைன்ல வாங்குன ஸ்டிக்கரு."

"ஒட்டவா? நான் ஒட்டவா?"

"வரையறதுன்னா வண்டி ரெண்டு நாள் நிக்குதாம். இது அஞ்சு நிமிசம்னு ஓனர் சொன்னாருண்ணே."

சொல்லிவிட்டு அவன் டீக்கடைக்குப் போனான். இவர் சுருளை விரித்தார். பார்த்தார். மூக்கு சிவக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

"வளரு, இங்க வா. இது யாருன்னு பாத்து சொல்லு."

போய்ப் பார்த்தேன். வெள்ளைக் குதிரை மேல் ஒரு காவல் தெய்வம். பின்னால் வானம் தீப்பிடித்து எரிந்தது. ஜிம்மிலிருந்து நேராக வந்து ஏறியவர் மாதிரி புஜம். குதிரைக்கு ஒரு கால் அதிகம். அதெல்லாம் கிடக்கட்டும், அந்த முகம் இருக்கிறதே! இடது புருவம் நடுவில் அறுந்து, மீசை கன்னத்தை மறைத்து, கண் இரண்டும் வெளியே விழுந்துவிடுகிற மாதிரி விழித்துக்கொண்டிருந்தது.

"எங்கண்ணன்" என்றேன்.

"ம். அஞ்சு கால் குதிர மேல உங்கண்ணன்" என்றார் அவர்.

இதை விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்களைத் தப்பாக நினைப்பீர்கள். அறிவரசனின் முதலாளி முத்தமிழ்செல்வன் விக்கிரமங்கலம் பக்கத்துக்காரர். நிலபுலன் உள்ள குடும்பம், லாரியும் ஓட்டுகிறார்கள். முதல் டிப்பர் வாங்கியபோது அவர்களுடைய குலதெய்வம் வீரனாரை முன்னால் வரைந்து தரச் சொன்னார். சரி, மாதிரி பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் கோயிலுக்குப் போனால், அங்கே ஒரு கல்லும் இரண்டு வேலும்தான் இருந்தன. சாமிக்கு முகமே கிடையாது. "நீயே பாத்து ஒரு மூஞ்சி குடுத்துடுப்பா, பாத்தா திருடன் ஓடணும்" என்று சொல்லிவிட்டு முத்தமிழ்செல்வன் போய்விட்டார்.

இவர் எத்தனையோ மூஞ்சி போட்டுப் பார்த்தார். ஒன்று தாசில்தார் மாதிரி இருந்தது, இன்னொன்று பல்வலிக்காரர் மாதிரி இருந்தது. அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் சின்னதுரை எறையூரிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார். அண்ணனுக்குக் கரும்பு விவசாயம். ஆள் ஆறடிக்கு மேல், மீசையும் அதற்கேற்ற மீசை. சின்ன வயதில் ஓடுகிற வண்டியில் கரும்பு உருவப் போய் விழுந்ததில் இடது புருவம் இரண்டு துண்டு. உருவம்தான் இப்படி, மனசு கோழிக்குஞ்சு. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தால் அதற்கும் பயம். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தெருநாய் ஒன்று வாசலில் எட்டிப் பார்த்தது. அண்ணன் சோற்றுக் கையோடு எழுந்து நின்று விழித்தார் பாருங்கள், அந்த விழியை இவர் அப்படியே லாரியில் ஏற்றிவிட்டார்.

ஊரே அதை வீரனாரின் உக்கிரம் என்று நம்பியது. அந்த வண்டி ஒரு கீறல் விழாமல் ஓடியது. உடனே பங்காளிகள், பங்காளிகளின் சம்பந்திகள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லாருக்கும் அதே வீரனார் வேண்டும். தினமும் காலையில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, என் அண்ணன் முகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டி எடுத்தார்கள். விஷயம் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அண்ணனுக்கே தெரியாது. பயந்து விழிக்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று யார்தான் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்கள்?

ஸ்டிக்கர் உறையில் கம்பெனி போன் நம்பர் இருந்தது. இவர் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஜெயசுதா என்ற பெண் எடுத்தாள். நல்ல மரியாதையாகத்தான் பேசினாள்.

"சார், அது ஏஐ போட்ட படம். யாரும் வரையல. கம்ப்யூட்டர் தானா போட்டது."

"தானா போட்ட கம்ப்யூட்டருக்குப் புருவத்துல வெட்டு இருக்கறது எப்படிம்மா தெரியும்?"

"எல்லா வீரனாருக்கும் அப்படித்தான் இருக்கும் போல சார்."

"எந்த வீரனாருக்கும் கெடையாது. என் வீரனாருக்கு மட்டும்தான் உண்டு. எவனோ என் லாரிய போட்டோ புடிச்சு அந்த மெஷினுக்குத் தீனி போட்டிருக்கான்!"

"அப்படின்னா ஆதாரம் அனுப்புங்க சார், எடுத்துடறோம். நீங்க எதப் பாத்து வரைஞ்சீங்களோ அந்த ஒரிஜினல் இருந்தாக்கூடப் போதும்."

இவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டு போனை வைத்துவிட்டார். ஒரிஜினல் எறையூரில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது.

ஸ்டிக்கரோடு போயிருந்தால் நாலு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பார். டீ குடித்துவிட்டு வந்த அறிவரசன் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தான்.

"கோயில் சொவத்துக்கும் இந்தப் படத்தையே போடப் போறாங்களாம்ண்ணே. டைல்ஸ்ல அச்சடிச்சுக் குடுப்பாங்களாம். வெயிலுக்கும் மழைக்கும் அசையாதாம்."

அதுதான் அவரைச் சாய்த்தது. வீரனார் கோயிலுக்குப் புதிதாக முன்மண்டபம் கட்டியிருந்தார்கள். ரோட்டைப் பார்த்த பெரிய சுவரில் வீரனாரைக் குதிரை மேல் வரையச் சொல்லி இவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். லாரிப் படத்துக்கு ஆயுசு கம்மி. தகுதிச் சான்றுக்காக, அதாவது எஃப்.சி.க்கு வண்டி வரும்போது நாங்களே சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வரைவோம். தன் கையால் போட்ட கண்ணைத் தானே சுரண்டுகிற வேலை, பாவம், வேறு யாருக்கு இருக்கிறது? சுவர் அப்படி இல்லை, நிற்கும். மண்டபம் பூசி முடித்த நாளிலிருந்து இவர் அந்தப் பக்கம் ஏதாவது சாக்குச் சொல்லிப் போய், அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தபோதுகூட அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பங்காளிகள் கோயிலில் கூடி முடிவு செய்யப் போவதாகச் சொன்னார்கள்.

"போயி உண்மையச் சொல்லுங்க. இது என் படம், அதப் பாத்துத்தான் மெஷின் போட்டுச்சு, மூஞ்சி எங்க மச்சானோடதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா என்ன ஆவும் தெரியுமா? இத்தன வருசமா உன் மச்சான் மூஞ்சியவாடா கும்புட்டோம்னு பட்டறையக் கொளுத்திட்டு மறுவேல பாப்பாங்க."

"அப்ப சொல்லாதீங்க. சொவரும் போவட்டும்."

"அந்தத் திருட்டு மெஷின் ஒரு வார்த்த கேட்டுச்சா என்ன? கேக்காம கொள்ளாம எடுத்து, அதுல ஒரு கால வேற சேத்து..."

எனக்கு அப்போது சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்து அதே புலம்பல்.

"நீங்க மட்டும் எங்கண்ணன ஒரு வார்த்த கேட்டீங்களா? சாப்புட வந்த மனுசனோட மூஞ்சிய எடுத்து லாரி லாரியா ஓட்டுனீங்க. மெஷின் உங்களுக்குப் பண்ணுனத நீங்க எங்கண்ணனுக்குப் பண்ணியாச்சு."

அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைதான் புரிந்தது, வெட்கம்.

நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை விக்கிரமங்கலம் பக்கம் கோயிலில் பொங்கல், சாப்பாடு பலமாக இருக்கும், வந்துவிடு என்றேன். சாப்பாடு என்றால் அண்ணன் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார். பெரம்பலூர் வந்து பஸ் மாறி, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தெரியாத கூட்டத்துக்குப் பயந்து வேப்பமரத்தடியில் ஒதுங்கி உட்கார்ந்தார். இவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ வெளங்கமாட்ட" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்தக் கோயிலில் முதல் பானைப் பொங்கலை அந்த வம்சத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள்தான் வைப்பார்கள். பிறந்த பெண்கள் அடுத்துதான். முத்தமிழ்செல்வனின் சம்சாரம் பூங்காவனம் முதல் பானையை இறக்கிப் படைத்த பிறகு, ஆண்கள் மண்டபத்தில் கூடினார்கள். முத்தமிழ்செல்வன் தன் போனில் டைல்ஸ் படத்தை எல்லாருக்கும் காட்டினார். ஆகா ஓகோ என்றார்கள். குதிரையின் காலை ஒருவரும் எண்ணவில்லை.

"படம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா அது என் படத்தத் திருடிப் போட்டது" என்றார் இவர்.

"மெஷின் போட்டதுங்கறான் அவன், உன்னோடதுங்கற நீ. சாமி மூஞ்சி யாருக்குப்பா சொந்தம்?" முத்தமிழ்செல்வன் கெட்ட மனுஷன் இல்லை, நியாயமாகத்தான் கேட்டார். "சரி, இந்த மூஞ்சி ஒனக்கு எப்படி வந்துச்சு? அதச் சொல்லு. சாமி ஒன் கனவுல வந்தாரா?"

ஆமாம், கனவில் வந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுவர் எங்களுடையது. மாலை போட்டுப் பரிவட்டம்கூடக் கட்டியிருப்பார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிவிடட்டும் என்று நான்கூட ஒரு நொடி நினைத்தேன்.

இவர் வேப்பமரத்தைப் பார்த்தார். அண்ணன் தொன்னையில் பொங்கலை வைத்துக்கொண்டு முந்திரிப் பருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. கனவுல வரல. எங்க மச்சான் மூஞ்சியப் பாத்துத்தான் வரைஞ்சேன்."

"மச்சானா?"

"எம் பொண்டாட்டியோட அண்ணன்."

"அண்ணே, எந்திரி. துண்ட எடு" என்றேன் நான்.

அண்ணன் துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றார். மண்டபம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். புருவம் ஏறி, மீசை துடித்து, கண் இரண்டும் பிதுங்கி அந்த விழி வந்துவிட்டது. கூட்டத்தில் இருந்த அறிவரசன் தன்னை மறந்து டப்டப்பென்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவனைப் பார்த்து இன்னும் நாலு டிரைவர்கள் போட்டுக்கொண்டார்கள். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை, பயம் அதிகமானது. பயம் அதிகமாக ஆக, தெய்வக்களை கூடிக்கொண்டே போனது.

அப்புறம் கத்தல் தொடங்கியது. யாரோ ஊர் பேர் தெரியாதவன் முகத்தை நம் சாமிக்கு வைத்தாயா என்று ஒருவர் பாய்ந்தார். இன்னொருவர் தன் லாரியை உடனே சுரண்ட வேண்டும் என்றார். "போயும் போயும் ஒரு மச்சான்காரன் மூஞ்சிய!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இவர் தலையைக் குனிந்து நின்றார். பட்டறை போச்சு என்று நான் நினைத்தேன்.

பூங்காவனம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே மண்டபத்துக்கு வந்தார்.

"மச்சான்காரன்னா என்ன கேவலம்? வீரனார் யாருன்னு எல்லாரும் மறந்துட்டீங்களா? கட்டிக்குடுத்த தங்கச்சியப் பாக்க சீர் எடுத்துட்டு வந்தவரு. வந்த எடத்துல அவ வூட்டு வயல கள்ளனுவகிட்டேருந்து காத்து நின்னு உசுர விட்டவரு. உங்க வம்சத்துக்கு அவரு என்ன மொற? மச்சான் மொறதான? வந்த மருமவளுவளுக்கு அவரு அண்ணன்னுதான மொதப் பான எங்க கையில குடுக்குறீங்க?"

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மச்சானுக்கு மச்சான் மூஞ்சி வந்திருக்கு. சாமி சரியாத்தான் கேட்டு வாங்கியிருக்காரு" என்று சொல்லிவிட்டு, பூங்காவனம் அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, இன்னுங் கொஞ்சம் பொங்கல் வைக்கட்டுமா?"

முத்தமிழ்செல்வன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"டைல்ஸ்ல இருக்கறதும் இந்த மச்சான், லாரியில இருக்கறதும் இந்த மச்சான். எதப் போட்டாலும் இவரத்தான் கும்புடப் போறோம். அப்ப மச்சான நேர்ல பாத்து வரையறவன்கிட்டயே சொவத்தக் குடுத்துடுவோம். குதிரைக்கு நாலு காலோட நிறுத்திக்கப்பா."

ஆக, எண்ணியிருக்கிறார்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் இவர் அருகில் வந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அண்ணன் வெளியே நின்ற முத்தமிழ்செல்வனின் முதல் டிப்பரில் இவர் வரைந்திருந்த தன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன ஒரு வார்த்த கேக்கலியே மாப்ள" என்றார்.

"தப்புதான் மச்சான்" என்றார் இவர்.

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். நானே நாய்க்குப் பயந்தவன், என்னப் போயி..." அண்ணன் லாரியை இன்னொரு தரம் பார்த்தார். "இந்த வண்டியெல்லாம் ராத்திரியில தனியா போவுமா?"

"கல்லு ஏத்திக்கிட்டு விடிய விடிய ஓடும் மச்சான்."

"என்ன நம்பியா?" என்றார் அண்ணன். கண் கலங்கிவிட்டது. இவருக்கும் கலங்கியது. இரண்டு ஆண்பிள்ளைகளும் லாரிக்கு முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள், நான்தான் இருவரையும் சாப்பிட இழுத்துப்போனேன்.

இவர் அன்றைக்கே அண்ணனை லாரிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, ஒரிஜினல் என்று எழுதி ஜெயசுதாவுக்கு அனுப்பினார். அவள் சிரிப்புப் பொம்மையாக அனுப்பிவிட்டு, சொன்ன சொல்படி ஸ்டிக்கரை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டாள். மறுவாரமே புருவம் முழுசாக உள்ள வேறொரு வீரனார் அங்கே விலைக்கு வந்துவிட்டார். இவர் மூக்கு மறுபடி சிவந்தது. ஆனால் திட்டுவதற்கு நேரமில்லை, சுவர் காத்திருந்தது.

சுவரில் ஒரு சிக்கல் வந்தது. அண்ணனை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து விழிக்கச் சொன்னால், அண்ணனுக்கு விழிக்க வரவில்லை. காலையில் வந்ததிலிருந்து, வருகிறவர் போகிறவர் எல்லாம் கும்பிடு போட்டுவிட்டுப் போக, மனுஷன் குளிர்ந்துபோய்ச் சிரித்துக்கொண்டே இருந்தார். இவர் அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். நான் ஒரு நாயைக்கூட ஓட்டிக்கொண்டு வந்தேன். அண்ணன் அதற்கு பிஸ்கட் போட்டார். கடைசியில் இவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

சுவரில் வந்த வீரனார் மீசைக்குள் லேசாகச் சிரிக்கிறார். அரியலூர் ஜில்லாவில் எந்தக் காவல் தெய்வமும் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முத்தமிழ்செல்வன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"திருடன் ஓடுவானாப்பா?"

"தங்கச்சி வூட்டுக்கு வந்த அண்ணன் சிரிக்காம, மொறைச்சுக்கிட்டா நிப்பாரு?" என்றார் பூங்காவனம். அதோடு பேச்சு முடிந்தது.

கடைசியாகச் சுவரின் அடியில் உபயதாரர்கள் பெயர்களை எழுத வேண்டியிருந்தது. முத்தமிழ்செல்வன் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். மின்விசிறி உபயம், தரைக்கல் உபயம், வெண்கல மணி உபயம். எல்லாம் முடிந்து, முத்தமிழ்செல்வனும் கிளம்பிப் போய்விட்டார். இவர் பிரஷ்ஷை மறுபடி பெயின்ட்டில் தோய்த்துச் சுவரருகே கொண்டுபோனவர், சட்டென்று நிறுத்தினார். எழுந்து, நாற்காலியில் இருந்த அண்ணனிடம் வந்தார். காதருகே குனிந்து ஏதோ கேட்டார். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரியென்று தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் இவர் போய் எழுதினார்: முகம் உபயம், சின்னதுரை, எறையூர்.

அண்ணன் எழுந்து கிட்டே போய் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இனிசியலையும் சேத்துடுங்க மாப்ள" என்றார். "எங்க தெருவுல இன்னொரு சின்னதுர இருக்கான்."